முன்கட்டில் 190, பின்கட்டில் 4: பழைய வீட்டுக்கு வைஃபை அமைப்பது எப்படி?

முன்கட்டு எழுதியது:

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பழைய இரண்டு கட்டு வீடு. முகப்பு 20 அடி, நீளம் 90 அடி. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதைத் தாண்டிப் பின்கட்டில் சமையலறையும் படிக்கும் அறையும். சுவரெல்லாம் செங்கல் சுண்ணாம்பு, ஒன்றரை அடிக்குக் குறையாது. ஃபைபர் இணைப்பின் ஓஎன்டி (நிறுவனம் கொடுத்த, வைஃபையும் உள்ள பெட்டி) ரேழியில் மின் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 200 எம்பிபிஎஸ் திட்டம். ரேழியில் 190 வருகிறது, கூடத்தில் 90, பின்கட்டில் 4 அல்லது 5.

ரேழிக்கு மேல் மாடி அறையில் குடியிருக்கும் இரண்டு மாணவர்களுக்கும் இதே இணைப்புதான். நான்கு வைஃபை கேமரா, இரண்டு ஸ்மார்ட் ப்ளக் உண்டு. கடையில் ஆறு ஆன்டெனா ரவுட்டர் ஒன்றும், சுவரில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றும் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்? பாஸ்வேர்டு எங்கள் கைபேசி எண்தான், அதை மாற்றி நாலு வருஷம் ஆகிறது.

---

கெடிலக்கரை எழுதியது:

இரண்டுமே வேண்டாம் சார். ஆன்டெனா ஆறு இருந்தாலும் ரேழியில் வைத்தால் இடையில் இருக்கும் மூன்று சுவர் மூன்றுதான். ரவுட்டர் சத்தமாகப் பேசினால் மட்டும் போதாது, கைபேசி திருப்பிப் பேசுவதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். கைபேசியின் ரேடியோ ரவுட்டரை விடச் சிறியது. அதனால்தான் திரையில் மூன்று கோடு காட்டியும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே சேனலில் திருப்பிச் சொல்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை போவதால் வேகம் பாதிக்குக் கீழே விழும். நீங்கள் அதைப் பின்கட்டில் செருகப் போகிறீர்கள், அங்கேதான் சிக்னலே இல்லையே. 4 எம்பிபிஎஸ்ஸை வாங்கி 2 எம்பிபிஎஸ்ஸாகக் கொடுக்கும்.

உங்கள் வீட்டில் ஒரு வசதி இருக்கிறது, முற்றம். கூடமும் பின்கட்டும் அதைப் பார்த்துத்தான் திறக்கின்றன. முற்றத்துத் தாழ்வாரத்தில், மழைச் சாரல் படாத தூணில் 7 அடி உயரத்தில் ஒரு நல்ல ரவுட்டரை வையுங்கள். அலை சுவரைத் துளைக்க வேண்டியதில்லை, கதவு வழியாகவே இரண்டு பக்கமும் போகும். ரேழியிலிருந்து அதுவரை ஒரு ஈதர்நெட் கேபிள், 15 மீட்டருக்குள் முடிந்துவிடும். ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர் வரை இடம் உண்டு. மழைக்காலத்தில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்து இன்னும் அதிகமாகச் சிக்னலை உறிஞ்சும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இப்போது கூடத்தில் வரும் 90 ஐப்பசியில் வராது.

வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, ஃப்ரிட்ஜ் இருக்கக் கூடாது.

---

லாஸ்பேட்டை லேன் எழுதியது:

அண்ணன் சொன்னது சரி. கேபிள் வாங்கும்போது மட்டும் ஏமாறாதீங்க. கேட்6 (ஈதர்நெட் கேபிளின் ஒரு தரம்) என்று பெட்டியில் அச்சடித்திருப்பதில் நிறைய, அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு போட்டதுதான். கடையிலேயே ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்க. உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துடுங்க. அலுமினியம் நாலு தடவை மடக்கினால் ஒடியும், ஜாக்கில் கடித்த இடத்தில் நாளாவட்டத்தில் ஆக்ஸைடு ஏறித் தொடர்பு விடும், கேபிள் வழியா மின்சாரம் அனுப்பினால் சூடாகும்.

ஜாக் அடிக்கும்போது இரண்டு முனையிலும் ஒரே வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. ஜாக்கின் கிளிப் கீழே, செம்புத் தகடு மேலே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து இந்த வரிசை. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீங்க. வெளியுறை ஜாக்குக்குள்ளே போய்க் கடிபட வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கும்போது எட்டுக் கம்பிதான் பாரம் தாங்கும்.

இழுத்து முடித்ததும் ரவுட்டர் பக்கத்தில் லிங்க் வேகம் எத்தனை என்று பாருங்க. 1000 என்று வரவேண்டும். 100 என்று வந்தால் நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ தொடர்பில் இல்லை என்று அர்த்தம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நாலும் வேணும். வேகச் சோதனை போட்டால் 94-லேயே நிற்கும். நிறைய பேர் இந்த 94-ஐப் பார்த்துவிட்டு இணைப்பு கொடுத்த நிறுவனத்தோடு சண்டைக்குப் போகிறார்கள், பிழை ஜாக்கில்தான் இருக்கும்.

---

முன்கட்டு எழுதியது:

நன்றி. தூணுக்குப் பக்கத்தில் ப்ளக் பாயிண்ட் இல்லை. கேபிளிலேயே மின்சாரம் கொண்டுபோகலாமா? இன்னொன்று: புது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போடுவதா, ரவுட்டர் மோடிலா? இரண்டுக்கும் 192.168.1.1 என்றே முகவரி இருக்கிறது.

---

கெடிலக்கரை எழுதியது:

கேபிளில் மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வசதி கூரையில் மாட்டும் ஆக்சஸ் பாயிண்ட்டுகளில்தான் வழக்கமாக இருக்கும், சாதாரண வீட்டு ரவுட்டரில் இருக்காது. வாங்குவதானால் 802.3ஏஎஃப் என்று போட்டதாகப் பாருங்கள், 15.4 வாட் வரை தரும், எதிரில் இருப்பது என்ன கருவி என்று கேட்டுவிட்டுத்தான் மின்சாரம் விடும். 24 வோல்ட் பாசிவ் வகை கேட்காமலே அனுப்பும். தவறான கருவியில் செருகினால் போர்ட் போய்விடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு ப்ளக் பாயிண்ட் இழுப்பது உங்கள் வீட்டுக்கு எளிது. மின் ஒயரும் ஈதர்நெட்டும் ஒரே பைப்பில் போகக் கூடாது, ஓர் அடி தள்ளிப் போகட்டும்.

மோட் விஷயத்தில், பொதுவாக நான் சொல்வது ஆக்சஸ் பாயிண்ட் மோட், அதாவது வைஃபை மட்டும் கொடுத்து மற்ற வேலையை ஓஎன்டியிடமே விடுவது. முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை) அணைத்து, கேபிளை லேன் போர்ட்டில் செருகினால் வேலை முடிந்தது. முகவரியை மாற்றாமல் செருகினால் இரண்டு கருவியும் 'நான்தான் 1.1' என்று சொல்லும், வீடு முழுக்க விட்டு விட்டு அறுந்துபோகும். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் பாதிக் கருவி தவறான கேட்வே (வெளியே போகும் வழியின் முகவரி) வாங்கிக்கொண்டு நிற்கும்.

---

சாரம் பூட்டு எழுதியது:

இந்த வீட்டுக்கு ஆக்சஸ் பாயிண்ட் மோட் வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் மாடி மாணவர்கள்.

பல வீட்டு ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாறியதும் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தினருக்கான தனி வைஃபை) என்பது பெயருக்குத்தான். கெஸ்ட்டில் சேர்ந்தவரும் உங்கள் கணினியும் ஒரே 192.168.1 வட்டத்தில்தான் இருப்பார்கள். உண்மையில் பிரிக்க விலேன் (ஒரே கேபிளில் தனித்தனி வட்டம்) வேண்டும், நிறுவனம் கொடுத்த ஓஎன்டியில் அதற்கு வழி அபூர்வம்.

எனவே புது ரவுட்டரை ரவுட்டர் மோடிலேயே விடுங்கள். ஓஎன்டியிலிருந்து வரும் கேபிளை அதன் வான் (வெளி இணைப்பு) போர்ட்டில் செருகுங்கள். உள் முகவரியை 192.168.50.1 என்று மாற்றுங்கள். ஓஎன்டியின் வைஃபை ரேழிக்கு மேலே நன்றாகவே போகும், அது மாணவர்களுக்கு. வீட்டார் எல்லோரும் உள் ரவுட்டரில். வெளி வட்டத்தில் இருப்பவர் உள்ளே வர உள் ரவுட்டரின் ஃபயர்வால் விடாது. ஓஎன்டி வைஃபையில் 'ஏபி ஐசொலேஷன்' இருந்தால் போடுங்கள், இரண்டு மாணவர்களின் கருவிகளும் ஒன்றையொன்று பார்க்காது.

இரட்டை நாட் (முகவரி மாற்றம் இரண்டு முறை நடப்பது) என்று பயப்படுவார்கள். இன்று நிறைய ஃபைபர் இணைப்புகளில் நிறுவனமே ஒரு 'நாட்' முகவரி மாற்றத்துக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறது. ஓடிடி, வீடியோ அழைப்பு, வங்கி எதற்கும் இடைஞ்சல் இல்லை. வீட்டிலிருந்து சர்வர் நடத்துபவர்களுக்குத்தான் தலைவலி.

---

கெடிலக்கரை எழுதியது:

மாடிக் குடியிருப்பைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். சாரம் நண்பர் சொல்வது சரியான வழி. ஒரு குறை மட்டும் சொல்கிறேன்: உள் ரவுட்டரில் எஸ்க்யூஎம் (பாக்கெட் வரிசையை ஒழுங்கு செய்யும் வசதி) போட நினைத்தால், மாணவர்கள் போக்குவரத்து அதற்கு வெளியே போகும். அவர்கள் பெரிய கோப்பு ஏற்றும்போது உங்கள் வீடியோ அழைப்பு திக்கும். ஓஎன்டியில் ஒரு எஸ்எஸ்ஐடிக்கு (வைஃபை பெயருக்கு) வேக வரம்பு வைக்க வழி இருந்தால் 50 எம்பிபிஎஸ் என்று வைத்துவிடுங்கள். பிறகு உள்ளே எஸ்க்யூஎம்மில் கேக் முறையைத் தேர்ந்து, மீதி 150-ல் பத்து சதவீதம் குறைத்து 135 வையுங்கள். வரிசை உங்கள் ரவுட்டரில் நிற்கவேண்டும், நிறுவனத்தின் பெட்டியில் நிற்கக் கூடாது. எஸ்க்யூஎம் போட்டால் ஹார்ட்வேர் ஆஃப்லோடை (பாக்கெட்டுகளைச் சிப்பே நேராகக் கடத்தும் வசதியை) அணைக்க வேண்டும், இல்லையென்றால் பாக்கெட்டுகள் அதைத் தொடாமலே தாண்டிப் போகும்.

---

லாஸ்பேட்டை லேன் எழுதியது:

சேனலுக்கு வருவோம்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும். சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று. '3 காலியா இருக்கு' என்று அதில் போய் உட்காராதீங்க. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். 3-ல் இருந்தால் 1-க்கும் 6-க்கும் நீங்க வெறும் இரைச்சல், அவை உங்களுக்கு இரைச்சல். முத்தியால்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் இது ரொம்ப முக்கியம்.

5 ஜிகாஹெர்ட்ஸில் எல்லோரும் 80 மெகாஹெர்ட்ஸ் போடுகிறார்கள். உங்களுக்கு 40 போதும். வைஃபை 6 கைபேசிக்கு இரண்டு ஆன்டெனாவில் 40 அகலத்தில் லிங்க் 574 எம்பிபிஎஸ், கையில் கிடைப்பது 350 சுமார். உங்க திட்டமே 200. அகலம் பாதியானால் உள்ளே வரும் இரைச்சலும் பாதி, அதாவது 3 டெசிபெல் லாபம். பின்கட்டில் அந்த 3 டெசிபெல்தான் கைகொடுக்கும்.

தெருவில் எல்லோரும் 36-லும் 149-லும் இருந்தால் 100-லிருந்து 140 வரை உள்ள சேனலுக்குப் போங்க, காலியாகக் கிடக்கும்.

---

தேவனாம்பட்டினம் எழுதியது:

அதெல்லாம் டிஎஃப்எஸ் தம்பி, ரேடார் கேட்டால் ரவுட்டர் விட்டுக்கொடுக்க வேண்டிய சேனல்கள். கடற்கரை ஊரில் கப்பல் ரேடார் பட்டுத் தூக்கிவிடும் என்று சொல்வார்கள். கடலூர்ப் பக்கம் பலர் அதனாலேயே அதைத் தொடுவதில்லை.

---

லாஸ்பேட்டை லேன் எழுதியது:

அண்ணே, கப்பலில் இருக்கும் வழிகாட்டு ரேடார் 9 ஜிகாஹெர்ட்ஸ் பக்கமோ 3 ஜிகாஹெர்ட்ஸ் பக்கமோ வேலை செய்யும். டிஎஃப்எஸ் பார்ப்பது 5.25-லிருந்து 5.725 வரை. கப்பலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ரவுட்டர் வேறு ஏதாவது துடிப்பை ரேடார் என்று தவறாக எடுத்துக்கொள்வது உண்டு. அப்படி எடுத்தால் 10 விநாடிக்குள் சேனலை விட்டு வெளியேறும், அரை மணி நேரம் அதில் திரும்ப உட்காராது. கரண்ட் போய் வந்ததும் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் 5 தெரிய ஆரம்பிக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் 'வைஃபை போச்சு' என்று யாராவது ஸ்விட்சை அணைத்துப் போட்டால் மறுபடி ஒரு நிமிஷம். வீட்டில் சொல்லி வையுங்க.

நம் நாட்டில் 5.47-லிருந்து 5.725 வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டது 2018 அக்டோபரில். அதற்கு முன் வந்த ரவுட்டரில் 100 முதல் 140 வரை பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். ரவுட்டரில் நாடு 'இந்தியா' என்றே இருக்கட்டும். சில டிவி ஸ்டிக், சில பழைய கைபேசி டிஎஃப்எஸ் சேனலைப் பார்க்கவே பார்க்காது. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, லாகில் (ரவுட்டரின் பதிவேட்டில்) 'ரேடார் டிடெக்டட்' என்று வந்துகொண்டே இருந்தால் 149-க்குத் திரும்பிடுங்க.

---

சாரம் பூட்டு எழுதியது:

இனி பூட்டு. முதலில் கைபேசி எண் பாஸ்வேர்டு. இதை இன்றே மாற்றுங்கள்.

டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில் ஒரு கருவி சேரும் நேரத்தில் நடக்கும் கைகுலுக்கலைத் தெருவில் நின்று பிடித்துவிடலாம். பிறகு வீட்டுக்குப் போய், இணையமே இல்லாமல் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். நம் கைபேசி எண் 6, 7, 8, 9-ல் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி. விளையாட்டுக்கு வாங்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு 4 லட்சம் போடும் என்று வைத்தால் 10,000 விநாடி, மூன்று மணி நேரத்துக்குள் எல்லா எண்ணும் தீர்ந்துவிடும். வண்டி எண், பிறந்த தேதி இன்னும் சீக்கிரம். தொடர்பே இல்லாத ஐந்து சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: நுங்கு, சாவடி, பம்பரம், ஈயம், தாழை என்பதுபோல. இந்த ஐந்தையே எடுக்காதீர்கள், அகராதியைக் கண்ணை மூடித் திறந்து எடுங்கள். 63 எழுத்து வரை இடம் இருக்கிறது.

அடுத்தது டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டுக்குப் பதில் பொத்தானோ பின் எண்ணோ போட்டுச் சேரும் வசதி), அணையுங்கள். எட்டு இலக்கப் பின் என்றாலும் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, மீதியை நாலு, மூன்று என்று தனித்தனியாகச் சரி, தவறு சொல்லிவிடும். 10,000 கூட்டல் 1,000, அதிகபட்சம் 11,000 முயற்சி. இது 2011-லேயே வெளிவந்த ஓட்டை. ஐந்து சொல் பாஸ்வேர்டு வைத்துவிட்டு டபிள்யூபிஎஸ் பின்னைத் திறந்து வைப்பது, முன்வாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து போடுவது.

பாதுகாப்பு வகை 'டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2, டிகேஐபி+ஏஇஎஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். டிகேஐபி பழைய குறியாக்கம், ஏஇஎஸ் புதியது. நாலு வருஷமாகத் தொடவில்லை என்றால் இருக்க வாய்ப்பு அதிகம். டிகேஐபியில் சேரும் கருவிக்கு 802.11என் வேகமே கிடையாது, 54 எம்பிபிஎஸ்ஸில் நிற்கும். வேகமும் போய்ப் பூட்டும் பலவீனம். ஏஇஎஸ் மட்டும் வையுங்கள். வீட்டு எஸ்எஸ்ஐடிக்கு 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' கலப்பு, பிஎம்எஃப் (நிர்வாகச் செய்திகளுக்கான பாதுகாப்பு) 'கேப்பபிள்'. டபிள்யூபிஏ3-யில் கைகுலுக்கலைப் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் உடைக்க முடியாது, ஒவ்வொரு முயற்சிக்கும் ரவுட்டரிடமே வர வேண்டும். ஆனால் கலப்பில் இருக்கும்வரை பழைய கருவிகள் டபிள்யூபிஏ2-விலேயே சேரும் என்பதால் நீளமான பாஸ்வேர்டு கட்டாயம்.

எஸ்எஸ்ஐடியை மறைப்பதில் பயன் இல்லை. உங்கள் கைபேசியே அந்தப் பெயரைக் கூவிக்கொண்டு திரியும். மேக் (கருவியின் வன்பொருள் முகவரி) வடிகட்டியும் அப்படித்தான், மேக் முகவரி காற்றில் மறைக்கப்படாமல் போகிறது, பார்த்து நகலெடுக்கலாம். போதாததற்கு ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு சீரற்ற மேக் காட்டுகின்றன. வெளியாள் நுழைவான், உங்கள் வீட்டுப் பிள்ளையின் கைபேசி வெளியே நிற்கும்.

கேமராவும் ஸ்மார்ட் ப்ளக்கும் உள் ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில், 2.4 மட்டும், டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். ப்ளக்குகள் டபிள்யூபிஏ3 கலப்பைப் பார்த்தாலே சேர மறுப்பது சகஜம். எஸ்எஸ்ஐடி இந்த இரண்டோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு பெயரும் விநாடிக்குப் பத்து முறை பீக்கன் (தன் அறிவிப்பு) அனுப்புகிறது, அதுவும் மிக மெதுவான வேகத்தில். 802.11பி என்ற மிகப் பழைய வேகங்களை அணைக்க வழி இருந்தால் அணையுங்கள்.

யூபிஎன்பி (கருவிகள் தாங்களே வெளிவழி திறந்துகொள்ளும் வசதி), ரிமோட் மேனேஜ்மென்ட் இரண்டையும் அணைத்து, நிர்வாகப் பாஸ்வேர்டை வேறாக வையுங்கள். ஐபிவி6 ஓடினால் அதன் ஃபயர்வால் இயங்குகிறதா என்று தனியாகப் பாருங்கள். அங்கே நாட் இல்லை, ஃபயர்வாலும் இல்லாவிட்டால் கேமரா நேராக வெளியே தெரியும்.

---

தேவனாம்பட்டினம் எழுதியது:

உப்புக் காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள் தாழ்வாரத்தில் வைக்கும் ஜாக் ஒன்றிரண்டு வருஷத்தில் பச்சை பூக்கும். முதலில் தெரியும் அடையாளம் லிங்க் 1000-லிருந்து 100-க்கு விழுவது. செருகும் முன் ஜாக்கின் தகடுகளில் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள், ரப்பர் பூட் போடுங்கள். கேபிள் மேலிருந்து நேராகக் கருவிக்குள் இறங்கக் கூடாது. கீழே ஒரு வளைவு விட்டு மேலேறி நுழையட்டும், தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். வெயில் படும் இடத்தில் கறுப்புப் பிஇ (பாலிஎத்திலீன்) உறை கேபிள், சாம்பல் நிறப் பிவிசி வெடித்துப்போகும்.

2011-ல் 'தானே' புயல், 2024-ல் ஃபெஞ்சல் புயல் பார்த்த ஊர்கள் நமது. ஓஎன்டி, ரவுட்டர் இரண்டும் தரையிலிருந்து 4 அடிக்கு மேலே இருக்கட்டும். மொட்டைமாடிக்கோ தோட்டத்துக்கோ செம்புக் கேபிள் கொண்டுபோனால் இடி அதன் வழி வரும், எர்த் செய்த சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் வேண்டாம்.

மினி யூபிஎஸ் வாங்கும்போது அடாப்டரில் வோல்ட் என்ன என்று பாருங்கள். இரண்டும் 12 வோல்ட் என்றால் ஒன்றே போதும். மூன்று செல், 2600 எம்ஏஹெச் என்றால் 29 வாட்-மணி. வீணாவது போக 24. இரண்டு கருவியும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் ஒன்றரை மணி நேரம். செருகும் முனையில் 5.5-2.1 மில்லிமீட்டர் என்றும் 5.5-2.5 என்றும் இரண்டு உண்டு, மாறினால் செருகியதுபோல இருந்து ஆட்டினால் அணையும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அதை யூபிஎஸ் மோடில் போட்டுப் பாருங்கள், ஈக்கோ மோடில் மாறும் நேரம் அதிகம், ரவுட்டர் ரீபூட் ஆகும்.

---

முன்கட்டு எழுதியது:

எல்லாம் செய்து முடித்து அளந்ததை எழுதுகிறேன். கேபிள் 14 மீட்டர், செம்புதான், சுரண்டிப் பார்த்தே வாங்கியது. ரவுட்டர் தாழ்வாரத் தூணில் இருக்கிறது. முதல் நாள் வீடு முழுக்கச் சரியாக 94. ரேழி முனை ஜாக்கைப் பார்த்தால் நீலக் கம்பி மற்றவற்றை விட ஒரு மில்லிமீட்டர் குட்டை, ஜாக்கின் முனையைத் தொடவே இல்லை. வெட்டி வேறு ஜாக் அடித்ததும் லிங்க் 1000.

இப்போது சிக்னல் வலிமை (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) கூடத்தில் -48 டிபிஎம், சமையலறையில் -57, படிக்கும் அறையில் -71. முதல் இரண்டு இடத்திலும் 135 முழுசாக வருகிறது. படிக்கும் அறையில் 60. அந்த அறை முற்றத்தைப் பார்க்கவில்லை, நடுவில் சமையலறைச் சுவர் இருக்கிறது. டிஎஃப்எஸ் 100-ல் நாலு நாளாக லாகில் எதுவும் இல்லை. பழைய பாதுகாப்பு வகை, சாரம் நண்பர் சொன்னபடியே டிகேஐபி+ஏஇஎஸ் என்றுதான் இருந்தது. ஒரு ப்ளக் மட்டும் சேர மறுக்கிறது.

---

சாரம் பூட்டு எழுதியது:

ப்ளக்கைச் சேர்க்கும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் கைபேசியையும் அதே 2.4 கெஸ்ட்டில் வைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துப் பாருங்கள். கெஸ்ட்டில் 'கிளையண்ட் ஐசொலேஷன்' இருந்தால் சேர்க்கும் நேரத்தில் மட்டும் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கைபேசியும் ப்ளக்கும் ஒன்றையொன்று பார்க்காது. சேர்ந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

---

கெடிலக்கரை எழுதியது:

படிக்கும் அறைக்குத் தூண் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து இன்னொரு 8 மீட்டர் கேபிள். பழைய ரவுட்டர் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதை ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றுங்கள்: முகவரி 192.168.50.2, டிஹெச்சிபி அணைப்பு, கேபிள் லேன் போர்ட்டில். வீட்டு எஸ்எஸ்ஐடி, பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் 149. இரண்டின் 5 ஜிகாஹெர்ட்ஸ் சக்தியையும் 'மீடியம்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் படிக்கும் அறைக்குப் போன கைபேசி தூணையே பிடித்துக்கொண்டு விடாது. பழையதில் கடைசியாக ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) எப்போது வந்தது என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். 2017-க்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை என்றால் அதை விட்டுவிட்டு மலிவான புதியது ஒன்று எடுங்கள்.

---

முன்கட்டு எழுதியது:

பழையதில் 2016-ஓடு நின்றுவிட்டது. புதியதே வாங்குகிறேன். ப்ளக் சேர்ந்துவிட்டது, கிளையண்ட் ஐசொலேஷன்தான் தடுத்திருக்கிறது.